திவசத்துக்குக் காத்திருந்த கால்

கனடாவிலிருந்து அந்தத் தம்பி போன் செய்தால் இப்போதெல்லாம் எனக்கு முதலில் எரிச்சல்தான் வருகிறது. நல்ல மனுஷன்மேல் எரிச்சல்படுவது எவ்வளவு கஷ்டம் என்பது பட்டவர்களுக்குத்தான் தெரியும்.

வன்னியிலிருந்து அகதியாக வந்து, சிம்மக்கல்லில் எங்கள் மாடி அறையில் குடியிருந்தவர். பிறகு கனடா போய், பேக்கரியில் மாவு பிசைந்து, இன்று நான்கைந்து பேக்கரிகளுக்கு முதலாளி. ஊரில் போரால் கால் இழந்த பிள்ளைகளுக்குச் செயற்கைக் கால் கொடுக்க ஓர் அறக்கட்டளை வைத்திருக்கிறார். மதுரைக்கு வரும் பிள்ளைகளைப் பரவைப் பக்கம் செயற்கைக் கால் செய்யும் பட்டறைக்குக் கூட்டிப்போவதும், வீட்டில் தங்கவைத்துச் சோறு போடுவதும் என் பொறுப்பு. பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்றவளுக்கு வேறென்ன வேலை என்று அவரே முடிவு செய்துவிட்டார்.

போன தை மாதம் எட்டு வயதுப் பெண்பிள்ளை ஒருத்தி தாயோடு வந்தாள். போர் முடிந்து இத்தனை வருஷம் கழித்தும் மண்ணுக்குள் கிடந்த வெடி, ஆட்டைத் தேடிப் போனவளின் வலது காலை முழங்காலுக்குக் கீழே கொண்டுபோயிருந்தது. தாய் தினமும் அவளைச் சைக்கிளில் வைத்துப் பள்ளிக்கூடத்துக்கு உருட்டிப் போய், திரும்பக் கூட்டிவர வேண்டும். அதனால் எந்தக் கூலி வேலைக்கும் போக முடியவில்லை. பிள்ளை நடந்துவிட்டால் வீட்டில் அடுப்பு எரியும். அவ்வளவுதான் விஷயம்.

கால் தயாரானதும் எங்கள் மொட்டைமாடியில் பழகினாள். முதலில் தண்ணீர்த் தொட்டியைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். கிளம்புகிற அன்று, கொடியில் கிடந்த துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து நடந்துவந்து என் கையில் கொடுத்தாள், ஈரத் துணியையும் சேர்த்து.

அந்த நேரத்தில்தான் போன் வந்தது.

“அக்கா, காலைக் கழட்டிப் பெட்டியில வைச்சு விடுங்கோ. ஆவணியில அம்மான்ர திவசம். நான் ஊருக்குப் போய் எல்லாப் பிள்ளையளுக்கும் ஒண்டா என்ர கையால குடுக்கப் போறன்.”

“அவ போட்டு நடந்துக்கிட்டு இருக்கா தம்பி. வளர்ற புள்ள. ஆவணி வரைக்கும் காலு அப்படியே இருக்கும், அவ அப்படியே இருப்பாளா?”

“கொஞ்ச மாசம்தானே அக்கா. அம்மாவுக்குக் கொள்ளி வைக்கக்கூட நான் போகேல்லை.”

இலவச சைக்கிள்கள், மந்திரி தேதி கொடுக்கும்வரை பள்ளி மைதானத்தில் துருப்பிடித்து நிற்பதைப் பார்த்தவள் நான். மந்திரியையாவது திட்டலாம். செத்துப்போன தாயை என்ன சொல்லித் திட்டுவது?

போட்ட காலோடுதான் அனுப்புவது என்று நான் பிடிவாதமாக இருந்தேன். தாய்தான் குனிந்து வாரைக் கழற்றினாள். “வேண்டாம் அக்கா. தாறவையின்ர மனம் நோகக் கூடாது,” என்றாள். அதே விமானத்தில் பிள்ளை ஊன்றுகோலோடு போனாள், கால் அட்டைப்பெட்டிக்குள் போனது. அங்கே போனதும் அறக்கட்டளைக்காரர்கள் பெட்டியை வாங்கி ஓர் அறையில் வைத்துப் பூட்டிவிட்டார்கள்.

ஆவணியில் போட்டோ வந்தது. பந்தல், மாலை போட்ட தாயாரின் படம், பட்டு வேட்டியில் தம்பி, வரிசையாகப் பிள்ளைகள். அவள் மட்டும் காலை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தாள். தாய் பக்கத்தில் நின்று அவளைத் தாங்கியிருந்தாள்.

“அவ ஏன் தம்பி அதக் கையில வச்சிருக்கா?” என்று கேட்டேன்.

“கொஞ்சம் இறுக்கமாம் அக்கா. நிக்க வைச்சால் ஒரு பக்கம் சரியிறாள். நீங்க யோசியாதைங்கோ, வாற திவசத்துக்குப் புதுசு குடுப்பம்.”

எனக்கு வந்த கோபத்தில் என்னென்ன பேசினேன் என்று முழுதாக ஞாபகமில்லை. “ஒங்கம்மா இருந்தா ஒங்களத்தான் தம்பி மொதல்ல வையிவாக,” என்றது மட்டும் நினைவிருக்கிறது. அவர் அழுதார். அழட்டும் என்று போனை வைத்துவிட்டேன்.

மறுநாள் காலை, தாயின் போனிலிருந்து பிள்ளையே கூப்பிட்டாள். ஆறுதல் சொல்ல வாயெடுத்தேன், அவள் விடவில்லை.

“மாமி, எனக்கு நடக்க மறக்கேல்லை. கால்தான் சின்னனாப் போச்சுது.”

“தெரியும்மா,” என்றேன். நேரமாச்சு, வா என்று அவளைக் கூப்பிட்டபடி தாய் சைக்கிளை வெளியே எடுக்கும் சத்தம் கேட்டது.