அப்பா தாண்டாத பள்ளிக்கூட வாசல்

அன்பான உறவினர்களே, நண்பர்களே,

அப்பாவின் செத்தவீட்டுக்கு வந்தவர்களில் சிலர், "மூத்தவள் பெரிதாக அழவில்லையே" என்று பேசிக்கொண்டது என் காதிலும் விழுந்தது. உண்மைதான். அப்பா நோவில்லாமல், அம்மாவின் கையைப் பிடித்தபடி கண்மூடினார். எனக்கும் அவருக்கும் இடையில் சொல்லாமல் விட்ட சொல் ஒன்றுகூட மிச்சமில்லை. எனக்கு இருப்பது பெரிய நிம்மதி. அது எப்படிக் கிடைத்ததென்று, முப்பத்தோராம் நாள் கிரியைக்கு வெளியிடும் இந்த அந்தியேட்டி நினைவு மலரில் சொல்லிவிடுகிறேன்.

அப்பா பருத்தித்துறையில் பிறந்தவர். படிப்பில் படு கெட்டிக்காரர் என்று அத்தைமார் சொல்வார்கள். நாட்டுப் பிரச்சினை அந்தப் படிப்பைப் பாதியில் நிறுத்தியது. அகதியாக ஜேர்மனிக்கு வந்து, பீலெஃபெல்ட்டில் ஒரு பேக்கரியில் ஓய்வுபெறும்வரை பாண் போட்டார். ஆருடனும் குரல் உயர்த்தாதவர். பிள்ளைகளின் பள்ளிக்கூடம் என்றால் மட்டும் அவருக்குப் பக்தி வந்துவிடும்.

அந்தப் பக்தியால்தான் வினை வந்தது. நான் முதலாம் வகுப்புக்குப் போகுமுன், "முதல் நாள் பெரிய மட்டைக் கூம்பு நிறைய இனிப்பு வேண்டும்" என்று பக்கத்து வீட்டு ஜேர்மன்காரப் பெண்மணி சொல்லியிருந்தார். அது பிள்ளைக்கு என்பதை அவர் சொல்லவில்லை; சொல்லத் தேவையில்லை என்று நினைத்திருப்பார். அப்பாவோ விஜயதசமிக்கு ஏடு தொடக்கிய மனிதர். குருவுக்குத் தட்டம் வைப்பதுபோல் இங்கே கூம்பு வைக்கிறார்கள் என்று முடிவுகட்டிவிட்டார். கற்கண்டு, வாழைப்பழம், தமிழ்க் கடையில் வாங்கிய வெற்றிலை, அடியில் ஒரு முழுத் தேங்காய்.

வகுப்பறையில், எல்லாருக்கும் முன்னால், ஆசிரியையின் காலில் விழச் சொன்னார். விழுந்தேன். கூம்பை நீட்டச் சொன்னார். நீட்டினேன். ஆசிரியை திகைத்துப்போய்த் திருப்பித் தரப் பார்க்க, அப்பா கைகூப்பி மறுத்துவிட்டார். அந்த நேரம் பார்த்து அடிமட்டை கிழிந்து, தேங்காய் கரும்பலகை வரை உருண்டது. மற்றப் பிள்ளைகள் தங்கள் கூம்புகளைப் பிரித்து சொக்கிலேட் தின்றபடி சிரித்தார்கள். எனக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது.

வீடு திரும்பும் வழியில் கத்தினேன்: "நீங்கள் இனி என்ரை பள்ளிக்கூடத்துக்கு வராதேங்கோ!"

"சரி பிள்ளை" என்றார் அப்பா.

அவ்வளவுதான். அதன்பிறகு மழையோ பனியோ, தெருவின் அந்தப் பக்கம் நின்றுதான் என்னைக் கூட்டிப்போவார். பெரிய பள்ளிக்கூடத்தில் நான் சான்றிதழ் வாங்கிய நாளிலும் அம்மாதான் உள்ளே வந்தார். அப்பா குடையோடு வெளியே. கூப்பிட எனக்கு ஆசை, வாய் வரவில்லை. பாழாய்ப்போன ரோசம்!

கடந்த ஓகஸ்டில் என் மகள், தேங்காய் உருண்ட அதே பள்ளியில் முதலாம் வகுப்புக்குப் போனாள். அப்பாவுக்கு அப்போதே நோய் முற்றியிருந்தது. இந்த முறை விட்டால் இனி இல்லை என்று எனக்குத் தெரியும். அவரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போனேன்; அம்மாவும் மகளும் கூட வந்தார்கள். வாசலில் சில்லைப் பிடித்து நிறுத்திவிட்டார்.

"நான் இதிலை நிக்கிறன். நீங்கள் போட்டு வாங்கோ."

"அப்பா, உள்ளுக்கு வாங்கோ."

"ஒருத்தி வராதேங்கோ எண்டு சொன்னவள் எல்லே?"

"ஆறு வயசிலை சொன்னதப்பா! பிழையாச் சொல்லிப்போட்டன். மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்று நடுத்தெருவில் அழுதுவிட்டேன்.

அப்பாவுக்குச் சிரிப்பு. "விசரி, அதுக்கேன் அழுறாய்? நான் கோவிக்கேல்லை. நீ இல்லாத நேரம் வந்தனான்தானே. பெற்றார் கூட்டம் ஒண்டும் விடேல்லை. உன்ரை கதிரையிலைதான் இருப்பன். முழங்கால் நெஞ்சிலை முட்டும்."

அம்மாவைப் பார்த்தேன். "ஓம், எனக்குத் தெரியும். உன்னட்டைச் சொல்லவேண்டாம் எண்டவர்" என்றார். என் மனதிலிருந்த பாரம் அந்த வாசலிலேயே இறங்கிவிட்டது. உள்ளே போனதும் பேத்தியின் கூம்பை மடியில் வைத்துக்கொண்டு அப்பா உரக்கக் கேட்டார்: "இதை ஆரிட்டைக் குடுக்கிறது?"

"அது எனக்கு, அம்மப்பா!" என்று அவள் பறித்தாள்.

கடைசி மாதங்களில் வீடுதேடி வந்து பராமரித்த தாதியருக்கும், வேலையை விட்டுவிட்டு வந்து நின்ற என் தம்பிக்கும், சமைத்துக் கொண்டுவந்த அயலவர்களுக்கும், தேவாரம் பாடியவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இன்னொருவருக்கும் நன்றி சொல்லவேண்டும். என் முதலாம் வகுப்பு ஆசிரியை, இப்போது தடியூன்றி நடப்பவர், இறுதிக் கிரியைக்கு வந்திருந்தார். அந்தத் தேங்காயை என்ன செய்வதென்று தெரியாமல் தான் மேசையில் வைத்திருந்ததாகவும், முதல் பெற்றோர் கூட்டத்தன்று அப்பா அதைப் பள்ளிக்கூடப் படியில் அடித்து உடைத்து, வந்த எல்லாப் பெற்றோருக்கும் ஒவ்வொரு துண்டு கொடுத்ததாகவும் என்னிடம் சொன்னார். அப்பாவின் பெட்டியருகே நின்று நாங்கள் இருவரும் சிரித்தோம்.