கொலுக்குளத்து மீன்கள்

அந்த ஆண்டின் ஆங்கிலத் தேதிகளைப் பழைய பஞ்சாங்கம் ஒன்றைத் தேடிப் பிடித்துப் பின்னாளில் சரிபார்த்து வைத்திருக்கிறேன். ஆனால் என் நினைவில் அவை தேதிகளாக இல்லை, திதிகளாகவே இருக்கின்றன. துர்கா பூஜைக் காலத்தில் கொல்கத்தாவில் யாரும் நாளை வேறு விதமாக எண்ணுவதில்லை. மகாளய அமாவாசைக்கு மறுநாள் எங்கள் வீட்டில் கொலு வைத்தோம். மூன்றாம் நாள் கீழ்வீட்டு ஜேட்டுவுக்குக் காய்ச்சல் வந்தது. பஞ்சமியன்று பிற்பகலில் நான் கத்தினேன். இந்த வரிசை முக்கியம். எவ்வளவு முக்கியம் என்பது எனக்கே பல ஆண்டுகள் கழித்துத்தான் தெரிந்தது.

அப்போது நான் நான்காம் வகுப்பு. பெஹாலாவில் ஒரு மூன்று மாடிக் கட்டடத்தின் முதல் மாடியில் இருந்தோம். அப்பா மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் அதிகாரி. அவருக்கு இரண்டு வேலைகள் என்று தெருவில் சொல்வார்கள். பகலில் அரசாங்கத்துக்கு வேலை செய்வார், மாலையில் அரசாங்கத்தின் மேல் புகார் எழுதுவார். வங்காளத்தில் புகாருக்கு நாலிஷ் என்று பெயர். ஆகவே அப்பா, நாலிஷ் பாபு.

எழுதுவதற்கு விஷயம் இல்லாமல் இல்லை. எங்கள் கட்டடத்தின் முன்னால் குப்பை, பின்னால் கால்வாய், கால்வாய்க்கு அப்பால் இடிந்த கிடங்கு ஒன்று. கிடங்கின் கூரையில் ஆறு மாதத்துக்குத் தண்ணீர் நிற்கும். ஒருநாள் சாப்பாட்டுத் தட்டையே வரைபடமாக்கி அப்பா எனக்கு நாட்டை விளக்கினார்.

"இதோ, இந்தப் பொரியல் குப்பை. அது கார்ப்பரேஷன். சாம்பார் கால்வாய், அது ஸ்டேட். அப்பளம் அந்தக் கிடங்கு, அது சென்ட்ரல். கொசு மூணு இடத்துலயும் பொறக்கறது. கேட்டா மூணு பேரும் என்ன சொல்றான் தெரியுமோ? என் தட்டுல இல்லேங்கறான்."

"நீங்க முதல்ல உங்க தட்டுல இருக்கறதைச் சாப்பிடுங்கோ" என்றாள் அம்மா.

கீழ்வீட்டில் ஜேட்டுவும் ஜேட்டிமாவும் இருந்தார்கள். பெரியப்பா, பெரியம்மா என்ற முறையில் நான் அவர்களை அப்படித்தான் அழைத்தேன். ஜேட்டு டிராம் டிப்போவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அப்பா மாடிப்படி இறங்கும் செருப்புச் சத்தம் கேட்டாலே உள்ளிருந்து குரல் கொடுப்பார்: "நாலிஷ் பாபு, இன்று எந்த சர்க்காருக்குக் கெட்ட நாள்?" அவர்களுக்குக் குழந்தைகள் கிடையாது. எனக்கு வங்காள எழுத்து சொல்லிக் கொடுத்தது ஜேட்டு. மீனின் பெயர்களைச் சொல்லிக் கொடுத்தது ஜேட்டிமா. பெயர்களை மட்டும்தான், ஏனென்றால் எங்கள் வீட்டில் மீன் நுழையாது. வகுப்பில் எல்லாக் குழந்தைகளும் மீனைப் பற்றிப் பேசும்போது எனக்கு வாயைத் திறக்க முடியாத ஒரு குறை இருந்தது. இதையும் வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அந்த ஆண்டு டெங்கு மோசமாக இருந்தது. கார்ப்பரேஷனிலிருந்து வாரம் ஒருமுறை இரண்டு பெண்கள் வீடு வீடாக வந்து, தேங்கிய தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போவார்கள். பூந்தொட்டி, குளியலறை வாளி, ஃபிரிட்ஜின் பின்தட்டு என்று அம்மா எல்லாவற்றையும் திறந்து காட்டுவாள். அவள் வீட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் வீணாக நிற்காது. அப்பாவோ அவர்களுக்கே பாடம் எடுப்பார். டெங்குக் கொசு சாக்கடையில் முட்டையிடாது, சுத்தமான தண்ணீரில்தான் இடும், அதனால் சுத்தக்காரர்கள் வீட்டைத்தான் அதிகம் சோதிக்க வேண்டும் என்பார். அவர்கள் சிரித்துக்கொண்டே தலையாட்டுவார்கள்.

கொலுவில் குளம் வைப்பது அப்பாவின் யோசனை. அதுவரை முகம் பார்க்கும் கண்ணாடியைப் படுக்க வைத்து, சுற்றி மணல் கொட்டி, அதைத் தெப்பக்குளம் என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

"தெருமுனைப் பூஜைப் பந்தல்ல ஒரு கோட்டையையே கட்டறான். நாம ஒரு குளம் வெட்டக் கூடாதா?" என்றார் அப்பா.

பரணிலிருந்து பெரிய வெண்கல உருளி இறங்கியது. அதில் தண்ணீர் ஊற்றி, நடுவில் சின்ன மண்டபம் வைத்து, பிளாஸ்டிக் வாத்து இரண்டை மிதக்கவிட்டோம். கரையில் கடுகு விதைத்தோம். கொலு பார்க்க வந்தவர்கள் பொம்மைகளை விட்டுவிட்டுக் குளத்தையே பார்த்தார்கள். சோதனைக்கு வந்த இரண்டு பெண்களும்கூட முறத்தைப் போலக் கையை விரித்துக்கொண்டு, "ஓ மா, எவ்வளவு அழகு!" என்றார்கள். சுண்டல் சாப்பிட்டார்கள், குங்குமம் இட்டுக்கொண்டார்கள், பூந்தொட்டிகளைப் பார்த்துவிட்டுப் போனார்கள். கும்பிட்டு நின்ற இடத்தில் யாருக்குச் சோதனை போடத் தோன்றும்?

வைத்த கொலுவை விஜயதசமி வரை கலைக்கக் கூடாது என்பது அம்மாவின் சட்டம். எனவே அவள் உருளித் தண்ணீரை மாற்றவில்லை. வற்றிய அளவுக்குக் காலையில் ஒரு சொம்பு மேலே ஊற்றினாள்.

ஜேட்டுவின் காய்ச்சல் ஒரே நாளில் அவரைப் படுக்கையிலிருந்து எழவிடாமல் செய்தது. அரசு மருத்துவமனையில் இடம் கிடைக்க அப்பா யார் யாருக்கோ போன் செய்தார். கிடைத்தது, ஒரு கட்டிலில் இருவருக்கு. ரத்தத் தட்டணுக்கள் குறைந்துகொண்டே போயின. அப்பா ரத்த வங்கி வாசலில் நின்றுவிட்டு வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் மூன்று அரசாங்கங்களுக்கும் எழுதினார். இந்த முறை எழுத்தில் கோபம் இருந்தது என்று அம்மா சொன்னாள். "அந்த மனுஷனுக்கு ஏதாவது ஆச்சுன்னா, எங்க பொறந்த கொசுன்னு கண்டுபிடிக்காம விடமாட்டேன்" என்று அவர் சொன்னதை நானே கேட்டேன்.

அதற்கு மறுநாளே பலன் கிடைத்தது. பஞ்சமியன்று ஒரு மேற்பார்வையாளரும் நான்கு ஆட்களும் மருந்தடிக்கும் கருவிகளோடு எங்கள் தெருவுக்கு வந்தார்கள். அப்பா விடுப்பு போட்டுவிட்டு அவர்களை அழைத்துக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கினார். எதிர்வீட்டு மொட்டைமாடியில் ஒரு பழைய டயர் கிடைத்தது. "எழுதிக்கொள்ளுங்கள்" என்றார் அப்பா. தையற்கடைக்காரரின் மண்பானை கிடைத்தது. "அதையும் எழுதிக்கொள்ளுங்கள்." பூஜைக்கு முந்தின நாளில் தெரு முழுவதும் அவமானப்பட்டுக் கொண்டிருந்தது.

அதே நேரத்தில் ஜேட்டிமா எங்கள் வீட்டுக் கூடத்தில் நின்றுகொண்டிருந்தாள். மருத்துவமனைக்கு எடுத்துப்போக அம்மா சமையலறையில் பிளாஸ்க்கில் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தாள். ஜேட்டிமாவின் கண்கள் வீங்கியிருந்தன. புடவைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள். அவளை எப்படியாவது சந்தோஷப்படுத்த வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. அன்று காலைதான் நான் கண்டுபிடித்திருந்த ரகசியம் ஒன்று என்னிடம் இருந்தது.

"ஜேட்டிமா, எங்கள் வீட்டில் மீன் இருக்கிறது."

"உங்கள் வீட்டிலா?" அத்தனை துக்கத்திலும் அவள் உதடு லேசாக விரிந்தது. "உன் அம்மா கேட்டால் மயக்கம் போட்டு விழுவாள், மாமணி." என்னை அவள் அப்படித்தான் செல்லமாக அழைப்பாள்.

"நிஜமாக. குஞ்சு மீன். குளத்தில் தானாகப் பிறந்திருக்கிறது. தலைகீழாக நின்று நீந்துகிறது!"

அவள் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தாள். மண்டபத்தின் நிழலில் அவை நெளிந்து நெளிந்து மேலே வந்தன, விரல் பட்டதும் சுருண்டு கீழே போயின. நூற்றுக்கணக்கில் இருக்கும். மீனைப் பெயர் பெயராக அறிந்தவள் அவள். நிமிர்ந்தபோது அவள் முகத்தில் நான் அதுவரை யார் முகத்திலும் பார்க்காத ஒன்று இருந்தது. கோபமில்லை, அழுகையுமில்லை. யாரோ அறைந்துவிட்டுப் போனதுபோல் வெறுமையாக இருந்தது.

பிறகு அவள் குனிந்து உருளியை இரண்டு கைகளாலும் தூக்கினாள். மண்டபம் சரிந்தது, கடுகுப் பயிர் தரையில் சிதறியது. குளியலறைக்குள் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது. நான் வீறிட்டேன். அம்மா பிளாஸ்க்குடன் ஓடி வந்தாள். கொலுவின் நடுவில் குளம் இருந்த இடம் காலியாக, ஈர வட்டமாக இருந்தது. ஜேட்டிமா உருளியின் அடியை அம்மாவிடம் காட்டினாள். ஒட்டிக்கொண்டிருந்த கொஞ்சம் தண்ணீரில் இரண்டு மூன்று இன்னும் நெளிந்தன.

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அப்போது மாடிப்படியில் காலடிகள் கேட்டன, அப்பாவின் குரலும். "எல்லா வீட்டையும் பாருங்கள். ஒன்றைக்கூட விடாதீர்கள்." பின்னாலேயே டயர்க்காரர், தையற்காரர், பாதித் தெரு.

ஜேட்டிமா உருளியைக் கதவுக்குப் பின்னால் வைத்துவிட்டு வாசலை மறித்து நின்றாள். அவள் கைகளிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"கிச்சு நேய்" என்றாள். ஒன்றுமில்லை என்று அர்த்தம். "இந்த வீட்டை நானே பார்த்துவிட்டேன். ஒன்றுமில்லை. நீங்கள் மேல்மாடிக்குப் போங்கள்."

கணவன் மருத்துவமனையில் கிடக்கும் ஒருத்தி சொல்வதைச் சந்தேகிக்க அந்த மேற்பார்வையாளருக்கு மனம் வரவில்லை. அவர் திரும்பிவிட்டார். நான்தான் பொறுக்க முடியாமல் கத்தினேன். எல்லோருக்கும் புரியும்படி, ஜேட்டு கற்றுக்கொடுத்த நல்ல வங்காளத்தில் கத்தினேன்.

"இருந்தது! குளத்தில் மீன் இருந்தது! ஜேட்டிமா கொன்றுவிட்டாள்! பொய் சொல்கிறாள்!"

"குழந்தை பிளாஸ்டிக் வாத்தைச் சொல்கிறது" என்றாள் ஜேட்டிமா, என் வாயைப் பொத்தியபடி.

ஆனால் அப்பா உள்ளே வந்துவிட்டார். ஈர வட்டத்தைப் பார்த்தார். தரையில் உட்கார்ந்திருந்த அம்மாவைப் பார்த்தார். கதவிடுக்கில் இருந்த உருளியை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். அவர் காது மடல்கள் வெளுத்ததை நான் பார்த்தேன்.

"எழுதிக்கோங்க" என்றார் அப்பா. அது தமிழில் வந்துவிட்டது. இன்னொரு முறை வங்காளத்தில் சொன்னார். "என் வீட்டையும் எழுதிக்கொள்ளுங்கள்."

"உங்களுக்குப் பைத்தியமா, நாலிஷ் பாபு?" என்று ஜேட்டிமா சீறினாள். பிறகு அம்மாவின் கையிலிருந்த பிளாஸ்க்கை வாங்கிக்கொண்டு மருத்துவமனைக்குக் கிளம்பிப் போனாள்.

ஜேட்டு பிழைத்தார். பௌர்ணமியன்று வரும் லட்சுமி பூஜைக்கு வீடு திரும்பினார், பாதி ஆளாக. விஜயதசமிக்குப் பிறகு வங்காள வழக்கப்படி பெரியவர்கள் வீட்டுக்குப் போய்க் காலைத் தொட வேண்டும். என் அப்பாவும் அம்மாவும் கீழே இறங்கக் கூசி வீட்டுக்குள்ளேயே இருந்தார்கள். ஜேட்டிமாதான் தேங்காய் உருண்டைத் தட்டோடு மேலே ஏறி வந்தாள். அப்பா அதன் பிறகு ஒரு புகாரும் எழுதவில்லை. கால்வாய் இன்றும் அப்படியே இருக்கிறது.

நாள் கணக்குப் பார்க்கும் பழக்கம் எனக்குப் பிடித்த பிறகு, இந்த விஷயத்தையும் எடுத்துப் பார்த்தேன். குளத்தில் தண்ணீர் ஊற்றிய மூன்றாம் நாளே ஜேட்டுவுக்குக் காய்ச்சல். புழு கொசுவாகிப் பறக்கவே ஒரு வாரம் வேண்டும். கடித்த பிறகு காய்ச்சல் வர இன்னும் சில நாட்கள். எங்கள் குளத்தில் பிறந்தவற்றுக்கு அன்று இறக்கையே முளைத்திருக்கவில்லை. அவரைக் கடித்த கொசு வேறெங்கோ, கால்வாய்க் கரையிலோ கிடங்குக் கூரையிலோ தெருக் குப்பையிலோ, மூன்றில் ஏதோ ஒரு சர்க்காரின் தட்டில் பிறந்தது. போன பூஜைக்கு வீட்டுக்குப் போனபோது இதை அப்பாவிடம் திதி திதியாக விளக்கினேன். விடுதலைத் தீர்ப்பு வாசிப்பதுபோல இருந்தது எனக்கு.

அவர் முழுவதும் கேட்டார்.

"சரிதான்" என்றார். "ஆனா அன்னிக்கு உன் ஜேட்டிமாவுக்கு இது தெரியாதே."

வாசலை மறித்து நின்ற அந்தக் கைகளிலிருந்து தண்ணீர் சொட்டியது எனக்கு அப்போதுதான் முழுதாக நினைவுக்கு வந்தது. தன் கணவனைக் கொல்லப் பார்த்தது இந்தத் தண்ணீர்தான் என்று நம்பிக்கொண்டே அவள் அங்கே நின்றிருக்கிறாள். நான்காம் வகுப்புக்காரிக்கு அதெல்லாம் தெரியவில்லை. பெரியவர் ஒருவர் பொய் சொன்னார், தான் உண்மையைச் சொன்னோம் என்பது மட்டும்தான் அவளுக்குத் தெரிந்திருந்தது.