குறுக்கே கிடந்த புங்கந்தழை

நேற்று பூந்தமல்லிக் கடைத்தெருவில் ஒரு பெண் தாழம்பூ வைத்துக்கொண்டு என்னைக் கடந்து போனாள். இந்த எழுபது வயதிலும் எனக்கு வயிறு எரிந்தது.

வெள்ளைக்காரன் காலத்தில், இப்போது வீடுகள் நெருக்கியடித்து நிற்கும் பாரிவாக்கத்துப் பக்கம் முழுக்கத் தாழம்புதராக இருந்தபோது, கூவத்துக்குக் குளிக்கப் போகும் எங்கள் ஒற்றையடிப் பாதை, ஈர மண் வாசமும் பூ வாசமுமாகப் பனைகளுக்கு நடுவே வளைந்து வளைந்து போய், ஆற்றுக்குச் சற்று முன்னால் இரண்டாகப் பிரியும். மழை பெய்தால் இரண்டில் எது சேறாகும் என்று சொல்ல முடியாது. முதலில் போகிறவர் பார்த்து, ஆகாத வழியின் குறுக்கே ஒரு புங்கந்தழையைப் போட்டுவிட்டுப் போவது வழக்கம். எங்கள் வீட்டில் அந்த வேலை அக்காவுக்குத்தான். அன்று பூத்த தாழம்பூவும் அவளுக்குத்தான். நான் நைனாவோடு பின்னால் வருவேன்.

"பெரியவ போட்ட தழைய நம்பி கண்ண மூடிக்கினு நடக்கலாம்" என்பார் நைனா, தினமும்.

ஒருநாள் நான் அவருக்கு முன்னால் ஓடி, தழையை எடுத்து நல்ல வழியின் குறுக்கே போட்டேன். நைனா மற்ற வழியில் போய், முழங்கால் வரை சேறும் பாதத்தில் தாழைமுள்ளுமாக ஏறி வந்தார். அக்காவைத் திட்டப்போகிறார் என்று ஆசையோடு காத்திருந்தேன்.

முள்ளைப் பிடுங்கிக்கொண்டே, "அவ சரியாத்தான் போட்டுருப்பா. காத்துதான் நவுத்திகீது" என்றார்.

அன்று ஓர் இலைகூட அசையவில்லை. பக்கத்திலேயே நின்ற என்னைச் சந்தேகப்படக்கூட அவருக்குத் தோன்றவில்லை.