மின்னல் வாசிக்காத சோலோ

ராக் கிட்டார்காரன் ஒருவன் பெரிய ஆளா இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அச்சகத்துக்கு எதிரே இருக்கும் டீக்கடையில் இந்த விஷயத்தில் மூன்று கட்சிகள் உண்டு. வேகக் கட்சிக்காரர்களுக்கு, வாசிக்கும்போது விரல் கண்ணுக்குத் தெரிந்துவிட்டால் அவன் கிட்டார்காரனே இல்லை. சத்தக் கட்சிக்கு ஏதாவது ஒரு ஜன்னல் கண்ணாடியாவது ஆடியாக வேண்டும். மூன்றாவது முடிக் கட்சி. தோள்வரை முடி இல்லாதவன் என்ன வாசித்தாலும் கணக்கில் சேராது. அந்தக் கட்சியில் இருப்பது ஒரே ஆள், சலூன்காரர். தன் தொழிலுக்கே விரோதமாக ஒரு மனிதர் கொள்கை வைத்திருந்தால் அதை மதிக்கத்தான் வேண்டும்.

இந்த மூன்று கட்சியும் சண்டையில்லாமல் ஒத்துக்கொண்ட ஒரே ஆள் மின்னல். அப்போது அவருக்கு முடி இருந்தது.

மின்னலுக்கு வேலை லிப்ட் ரிப்பேர். உயரமான கட்டடங்களில் லிப்ட் பெட்டியின் தலைமேல் ஏறி உட்கார்ந்து, கிரீஸும் இருட்டுமாக நாளை ஓட்டுவார். லிப்ட் பாதியில் நின்றால் அதைச் சரிபண்ணுவது சுலபம். உள்ளே மாட்டிக்கொண்ட ஆளைச் சமாளிப்பதுதான் பெரும்பாடு. பெட்டிக்கு மேலிருந்து காதை வைத்துக் கேட்பார். உள்ளே இருப்பவர் மூச்சு விடுகிற விதத்தை வைத்தே, இவர் இன்னும் கொஞ்ச நேரத்தில் கத்துவாரா, அழுவாரா, வக்கீல் வைப்பாரா என்று சொல்லிவிடுவார். கத்துகிற ஜாதி என்றால் அதற்கு முன்பே, "காலைல என்ன சாப்பிட்டீங்க?" என்று மேலிருந்து பேச்சுக் கொடுப்பார். கடவுளே இறங்கி வந்து டிபன் விசாரிப்பதாக நினைத்து ஒரு அம்மாள் கைகூப்பியிருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமையானால் அதே கையைத் தேய்த்துக் கழுவிவிட்டு அச்சகத்துக்கு வருவார். அச்சகத்தின் காகிதக் கிடங்கில்தான் பேண்டு கூடும். சுற்றிலும் கூரைவரை காகிதக் கட்டு. எவ்வளவு சத்தம் போட்டாலும் அது குடித்துவிடும். டிரம்ஸ் அடிப்பவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுபவர், வாரம் பூராவும் பிள்ளைகளிடம் காட்ட முடியாத கோபத்தை அங்கே காட்டுவார். பேஸ் கிட்டார் டெய்லருடையது. பாடுவது மச்சான்.

மச்சான் என்றால் மின்னலின் அக்கா புருஷன். மெத்தைக் கடையில் விற்பனை. மெத்தை விற்கிறவர் மெதுவாகப் பேசினால்தான் அழகு. மச்சான் வாய் திறந்தால், படுத்துப் பார்க்கிற வாடிக்கையாளர் எழுந்து உட்கார்ந்துவிடுவார். அந்தக் குரல்தான் பேண்டின் சொத்து. இளவயசில் அவரே கட்டிய பாட்டு ஒன்று உண்டு, "பூட்டாத வீடு". அதன் கடைசியில் "வா" என்று ஒரே எழுத்தை மூன்று தடவை, மேலே, மேலே, இன்னும் மேலே கொண்டுபோய் நிறுத்துவார். அது நின்ற இடத்திலிருந்து மின்னலின் சோலோ கிளம்பும். மற்றவர்கள் ஒதுங்கிக்கொள்ள, கிட்டார் மட்டும் தனியாக ஓடுகிற இடம். ஒல்லிக் கம்பி போட்டு அவர் ஓடின ஓட்டத்தில்தான் அந்தப் பட்டப்பெயரே வந்தது.

சில வருஷத்துக்கு முன்னால் ஒரு நிகழ்ச்சியில் அந்த "வா" உடைந்துவிட்டது. மேலே போன குரல் பாதியில் கிறீச்சிட்டு, முன்வரிசையில் இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். மச்சான் வேனில் கடைசி சீட்டில் போய் உட்கார்ந்து, யார் பேசினாலும் ஜன்னலையே பார்த்தார். வீட்டு வாசலில் இறங்கும்போதுதான் வாயைத் திறந்தார்.

"இன்னொரு தடவை உடைஞ்சா மைக்கை வெச்சுடுவேன். அவ்வளவுதான்."

சொன்னால் செய்கிற ஆள். மற்ற மூன்று பேரும் டெய்லர் கடையில் கூடிப் பேசினார்கள். யோசனை சொன்னது டெய்லர்.

"இடுப்பு பெருத்தவன் பேண்ட்டை எடுத்துட்டு வருவான். ஐயா, நீங்க பெருத்துட்டீங்கன்னு சொல்லுவேனா? சொன்னா அடுத்த பேண்ட்டை வேற கடையில தைப்பான். உள்தையலைப் பிரிச்சு விட்டுருவேன். போட்டுப் பாத்துட்டு, 'நான் அப்படியேதான் இருக்கேன்'னு சந்தோஷமாப் போவான்."

வேன் டிரைவருக்கு விளங்கவில்லை. "மச்சானுக்கு எங்கய்யா தையல்?"

"கம்பியைத் தளர்த்தறோம். அரைக் கட்டை இறக்கிடறோம். ஸ்ருதி இறங்கினா 'வா'வும் இறங்கும். மின்னல், அவர் உன் கிட்டாரைக் கேட்டுத்தானே பாட ஆரம்பிக்கறாரு?"

அப்படித்தான் ஆரம்பித்தது. மச்சான் எப்போதும் கடைசியில் வருவார், ஃபிளாஸ்க்கில் வெந்நீரோடு. அதற்குள் கம்பிகளை இறக்கி வைத்துவிடுவார்கள். "வா" மறுபடி ஜம்மென்று நின்றது. மச்சான் வெந்நீரின் மகிமையைப் பற்றி எல்லோருக்கும் வகுப்பெடுத்தார். பிறகு வயசு இன்னும் கொஞ்சம் வேலை காட்ட, இன்னொரு அரைக் கட்டை. அப்புறம் இன்னொன்று. மொத்தத்தில் ஒன்றரைக் கட்டை கீழே வந்தாயிற்று. வெந்நீருக்கு நல்ல பேர்.

கெட்ட பேர் மின்னலுக்கு வந்தது. ஒல்லிக் கம்பியை அவ்வளவு தளர்த்தினால் கொடித்துணி மாதிரி ஆடும். அதனால் தடிக் கம்பி மாட்டினார். தடிக் கம்பியில் ஓட முடியாது, நடக்கலாம். விரல் நுனியெல்லாம் வெடித்தது. வேகக் கட்சி முதலில் விலகியது. "மின்னலுக்கு மழை விட்டுடுச்சு" என்றார்கள். சத்தக் கட்சி, "சார்ஜ் போட்டு எடுத்துட்டு வாங்கண்ணே" என்றது. மின்னல் டீயை ஊதிக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார். ஒரு வார்த்தை சொன்னால் போதும், மானம் திரும்பி வந்துவிடும். அந்த ஒரு வார்த்தை மெத்தைக் கடைவரை நடந்து போய்விடும் என்பதால் அவர் சொல்லவில்லை. விஷயம் தெரிந்த நாலாவது ஆள் அக்கா மட்டும்தான். தம்பி விரலில் பிளாஸ்திரியைப் பார்த்துக் குடைந்து குடைந்து கேட்டு வாங்கிவிட்டாள்.

இந்த நேரத்தில்தான் மச்சான் மகள் படிப்பை முடித்துவிட்டு வீடு திரும்பினாள். போன இடத்தில் கீபோர்டு கற்றுக்கொண்டிருந்தாள். பஸ் டிப்போ ஹாலில் வருஷா வருஷம் நடக்கிற நிகழ்ச்சி நெருங்கிக்கொண்டிருந்தது. "எம் பொண்ணும் வாசிப்பா" என்று மச்சான் அறிவித்துவிட்டார். யாரும் யோசிக்கவில்லை. கம்பியைத் தளர்த்தலாம், கீபோர்டை யார் தளர்த்துவது என்ற கேள்வி மூன்று மண்டையிலும் உதிக்கவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை, கிடங்கில், எல்லோரும் சேர்ந்து முதல் அடி அடித்தார்கள். கேட்கச் சகிக்கவில்லை. காகிதக் கட்டுகளே கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது.

"யாரோ தப்பா வாசிக்கறீங்க," என்றார் மச்சான்.

"கீபோர்டுதான்," என்றார் வேன் டிரைவர் அவசரமாக. "பஸ்ல வந்திருக்குல்ல, குலுங்கி இறங்கியிருக்கும்."

"கீபோர்டு எப்படி மாமா இறங்கும்? அது பொறந்ததுலேர்ந்து ஒரே எடத்துலதான் இருக்கு." அவள் கிட்டார் பக்கம் காதைக் கொடுத்தாள். "நீங்கதான் இறங்கியிருக்கீங்க. ஒன்றரைக் கட்டை. ரெண்டு பேருமே."

பிறகுதான் தாய்மாமா மின்னலின் முகத்தைப் பார்த்தாள். பார்த்ததும் புரிந்துவிட்டது, கெட்டிக்காரப் பெண். "இல்ல, நான் இங்க ஒரு பட்டனை அமுக்கினா சரியாப் போயிடும்..." என்று இழுத்தாள். பட்டனை அமுக்கி ஆறுகிற விஷயமில்லை.

மச்சான் ஃபிளாஸ்க்கைத் திருகி மூடினார். "எப்பலேர்ந்து?"

டெய்லர் தன் சட்டையிலேயே ஒரு நூல் பிரிந்திருப்பதை அன்றைக்குத்தான் பார்த்தார்.

"மாப்ளே, உன்னைத்தான் கேக்கறேன்."

"அன்னைக்கு உடைஞ்சதுலேர்ந்து மச்சான்."

"அப்ப இத்தனை நாளா நான் பாடினது?"

"நீங்க பாடினதுதான்."

"எனக்கு என்ன, நொண்டிக்குக் கட்டை வெச்சுக் குடுத்தீங்களா?" மச்சான் குரல் கூரையில் இடித்தது. கீழே இறங்கிய குரல் என்று அப்போது யாரும் சொல்லியிருக்க முடியாது. "டிப்போ ஹால்ல பழைய ஸ்ருதி. ஒரு இழை குறையக் கூடாது. உடைஞ்சா உடையட்டும். அங்கேயே மைக்கை ஸ்டாண்டுல மாட்டிட்டு இறங்கிடறேன்."

அன்று மாலை அக்கா போன் செய்தாள். "ஏண்டா, பாட்டை விட்ட மனுஷனை வீட்டுல வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ணுவேன்? ஞாயித்துக்கிழமை ஆனா அலமாரியை ஒழுங்கு பண்றேன்னு ஆரம்பிச்சுடுவாரு. மூணு நாளா வெந்நீர்கூடக் கேக்கல, தெரியுமா?"

"இன்னைக்குத்தானே அக்கா சண்டையே வந்துச்சு."

"எனக்கு மூணு நாள் மாதிரி இருக்கு."

மின்னல் தடிக் கம்பியைக் கழற்றி ஒல்லிக் கம்பி மாட்டினார். பழைய ஸ்ருதிக்கு ஏற்றினார். விரல்கள் தாமாகவே ஓடத் தொடங்கின, அவிழ்த்துவிட்ட கன்றுக்குட்டி மாதிரி. சோலோ முழுசாக, பழைய வேகத்தில், உள்ளேயே இருந்தது. அவருக்கே ஆச்சரியம். ஆனால் அந்த வாரம் தினமும் நடந்த ப்ராக்டிஸில் அவர் சோலோவைக் கவனிக்கவில்லை. மச்சானுக்கு ஒரு அடி பின்னால் நின்று அவர் முதுகைக் கவனித்தார். "வா" ஒழுங்காக நிற்கிற நாளில் மச்சானின் தோள் இரண்டும் சமமாக இருந்தன. உடையப் போகிற நாளில், உடைவதற்குச் சற்று முன்னால், இடது தோள் மெல்ல மேலே ஏறியது. மூச்சு குட்டையாக வந்தது. மாட்டிக்கொண்ட லிப்டுக்குள் கேட்கிற அதே மூச்சு.

டிப்போ ஹாலில் மாலைக் கூட்டம். ஒல்லிக் கம்பி செய்தி எப்படியோ டீக்கடையை எட்டிவிட்டது. வேகக் கட்சி முன்வரிசையில் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. சலூன்காரர்கூட வந்திருந்தார், வழுக்கையை மன்னித்து.

கடைசிப் பாட்டு "பூட்டாத வீடு". முதல் "வா" நின்றது. இரண்டாவதும் நின்றது. மூன்றாவது மேலே ஏறத் தொடங்கியபோது இடது தோள் எழும்பியது.

மின்னல் சுண்டுவிரலால் கிட்டாரின் வால்யூமைத் திருகிக் கூட்டினார். குரல் எங்கே போய்ச் சேர வேண்டுமோ, அந்த இடத்துக்குக் கிட்டாரைக் கொண்டுபோய் வைத்தார். குரல் உடையவில்லை. உடைவதற்குள் அங்கே வேறொரு "வா" கேட்டது. மச்சான், படியில் கால் தடுக்கிக் கைப்பிடியைப் பிடித்தவர் மாதிரி ஒரு கணம் தடுமாறி, ஒரு ஸ்தாயி கீழே இறங்கி நின்றார். அங்கிருந்து அதே எழுத்தைப் பாடினார். கொஞ்சம் கரகரப்பாக, கொஞ்சம் களைப்பாக. சின்ன வயசில் அந்தப் பாட்டில் அவர் யாரையோ அதட்டிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். இப்போது நிஜமாகவே கூப்பிட்டார். ஹாலில் இருமிக்கொண்டிருந்தவர்கள் இருமலை நிறுத்திக்கொண்டார்கள்.

சோலோவுக்கு நேரம் வந்தது. வேன் டிரைவர் டிரம்ஸில் உருட்டிக் கொடுத்தார், "ஓடு" என்று. போன்கள் இன்னும் உயர்ந்தன. விரல்கள் தயார். ஆனால் மச்சான் நிறுத்தவில்லை. அந்தக் கீழ்க்குரலில் புதிதாக ஒரு வழி தெரிந்து, அதிலேயே இறங்கிப் போய்க்கொண்டிருந்தார். ஓட ஆரம்பித்தால் அது அறுந்துவிடும். மின்னல் மேலே வைத்த அந்த ஒரே ஒலியைச் சாக விடாமல், கம்பியைத் தள்ளித் தள்ளிப் பிடித்துக்கொண்டு நின்றார். டெய்லர் பார்த்துப் புரிந்துகொண்டு கூடவே நின்றார். மச்சான் மகள் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டாள். பாட்டு அப்படியே முடிந்தது. சோலோ வரவே இல்லை.

கைதட்டல் பலமாகத்தான் இருந்தது, எல்லாம் மச்சானுக்கு. மேடைக்குக் கீழே வேகக் கட்சிக்காரர் ஒருவர் போனைப் பையில் போட்டுக்கொண்டே, "என்னண்ணே, இன்னைக்கும் கரண்ட் இல்லையா?" என்றார்.

"இல்லப்பா," என்றார் மின்னல்.

ஹாலுக்குப் பின்னால், வேனில் சாமான் ஏற்றும் இடத்தில் மச்சான் வந்து நின்றார்.

"என் 'வா'வை எடுத்துட்டே."

"கீழ விழுந்துச்சு மச்சான். எடுத்தேன்."

"விழல."

"சரி, விழல."

"விழறதுக்கு முன்னாடியே எடுத்துட்டே. அதைத்தான் கேக்கறேன். எப்படித் தெரிஞ்சுது?"

தோளைப் பற்றிச் சொன்னால், அடுத்த முறை மச்சான் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பாடுவார். அப்புறம் எதை வைத்துக் கண்டுபிடிப்பது? "சும்மா, தோணுச்சு," என்றார் மின்னல்.

"சோலோ ஏன் வாசிக்கல? அவ்வளவு பேர் அதுக்குத்தானே வந்தாங்க?"

"நீங்க பாடிட்டிருந்தீங்க."

மச்சான் ஆம்ப் பெட்டியின் மேல் உட்கார்ந்தார். "மேலே போற 'வா' இனிமே உன்னோடது. நான் கீழ நின்னுக்கறேன். அங்க எனக்கு நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒண்ணு மாப்ளே. நான் முடிச்சதும் சோலோவையும் வாசிக்கணும். ரெண்டும் வேணும். அப்புறம் எனக்குத் தெரியாம கம்பியில கை வெச்சே, நேரா உங்க அக்காகிட்ட சொல்லிடுவேன்."

"அக்காவுக்குத் தெரியும் மச்சான்."

"தெரியுமா? எப்பலேர்ந்து?"

மின்னல் ஒயரைச் சுற்றுவதில் மும்முரமாகிவிட்டார். மச்சான் எழுந்து அக்காவைத் தேடிக்கொண்டு ஹாலுக்குள் போனார். கதவைத் தாண்டும்போது, சண்டைக்குப் போகிறோம் என்பதையே மறந்து, அந்த "வா"வைக் கீழே வைத்து மெல்ல ஒருமுறை பாடிப் பார்த்துக்கொண்டார்.