பேனரில் நீண்ட காளை

வேலந்தாவளத்தில் பிளெக்ஸ் கடைக்காரர்கள் இருக்கலாம். பிளெக்ஸ் அடிக்கும் மிஷினையே பழைய இரும்புச் சாமான்களிலிருந்து கட்டி எழுப்பியவன் நான் ஒருவன்தான். படிப்பு ஐந்தாம் வகுப்பு. அதுவும் முழுசாக இல்லை. மிஷினை ஓட்டும் புரோகிராமை மட்டும் என் மருமகள் எழுதினாள். பக்கத்தில் உட்கார்ந்து மேற்பார்வை பார்த்தது நான்.

சந்தைக்கு முந்தின நாள் ஒரு விவசாயி வந்தார். மகள் கல்யாணத்துக்காகக் காளையை விற்றாக வேண்டும். அதன் படத்தை நிஜ அளவில் பேனராக அடிக்கச் சொன்னார். அடித்தோம். வந்தது நாலு கால் முளைத்த பூசணிக்காய்.

"ஏனுங்கண்ணா, என்ற மாட்ட இப்படி அமுக்கிப் போட்டீங்களே! ஆடுன்னுல்ல வெல கேப்பாங்க!"

பிளெக்ஸை இழுக்கும் உருளையை ஒரு ஸ்டெப்பர் மோட்டார் சுற்றுகிறது. கம்ப்யூட்டர் ஒவ்வொரு தட்டு தட்டும்போதும் அது ஓர் அடி வைக்கும். தட்டுகளுக்கு நடுவே போதிய நேரம் விடாவிட்டால் சில அடிகளைத் தவறவிடும். பிளெக்ஸ் நகராது, காளை குறுகும்.

"எடுத்ததுமே மோட்டார வெரட்டுதுங்க மாமா. மொதல்ல மெதுவாத் தட்டி, பொறகு வேகம் ஏத்தோணும்," என்றாள் மருமகள்.

"அதத்தான் அம்மிணி நானும் சொல்ல வந்தேன்," என்றேன். உண்மையிலேயே வந்துகொண்டிருந்தேன்.

நேரக் கணக்கைத் திருத்தினாள். மறுபடி அடித்தோம். காளை வந்தது, வந்துகொண்டே இருந்தது, பஸ் நீளத்துக்கு. படங்கள் குறுகுகின்றனவே என்று போன வாரமே நான் சொந்த மூளையால், பிளெக்ஸை எவ்வளவு இழுக்க வேண்டும் என்கிற நம்பரைக் கூட்டி வைத்திருந்தேன். இப்போது மோட்டார் ஓர் அடியும் தவறவிடாததால் அந்தக் கூடுதல் முழுவதும் காளைக்குப் போய்விட்டது.

மருமகள் நம்பரைக் குறைக்கப் போனாள். விவசாயி பாய்ந்து தடுத்தார்.

"தொடாதீங்கம்மிணி! இதுதானுங்க மாடு!"

மறுநாள் பேனரைக் கட்ட நானும் சந்தைக்குப் போயிருந்தேன். பொள்ளாச்சிக்காரர் ஒருவர் பேனரைப் பார்த்தார், காளையைப் பார்த்தார், காளைக்குப் பின்னால் போய்த் தேடிவிட்டு வந்தார்.

"ஏனுங்க, மிச்சம் எங்கீங்க?"

விவசாயி என் பக்கம் திரும்பினார். நான் முன்னே போனேன்.

"நிக்கறப்போ இவ்வளவுதானுங்க. நடக்க உட்டுப் பாருங்க."

நடத்திக் காட்டினோம். அவர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார். "பொய் பெருசுன்னாலும் மாடு நல்ல மாடுங்க," என்று விரல் பிடித்து விலை பேசத் துண்டுக்குள் கைவிட்டார். விவசாயியின் முகத்தில் கல்யாணக் களை வந்துவிட்டது.

கடைக்குத் திரும்பியதும் மருமகள் கேட்டாள்: "இனியாச்சும் அந்த நம்பரக் கொறைக்கட்டுங்களா மாமா?"

"கொறைச்சுக்கோ அம்மிணி. மாடு வித்தாச்சு."