கோவிலம்பாக்கம் ஜெயவேலுவின் வண்டி மசகு

“உங்கப்பன் என் வண்டிய கெடுத்தானா, இல்லியா? ஒரே வார்த்தை. சொல்லு.”

இந்தக் கேள்விக்கு அன்று என்னால் பதில் சொல்ல முடியவில்லை. கேட்டவர் கோவிலம்பாக்கம் ஜெயவேலு. இடம், மேற்குத் தாம்பரத்தில் சிட்டிபாபுவின் ஒர்க்ஷாப். போன வருடம், 1974. எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் சும்மா இருந்த என் கையில் பேனாவும் ஒரு முழுத்தாளும் இருந்தன. பின் ஆக்சில் கெட்டதற்குத் தான் முரட்டுத்தனமாக ஓட்டியதுதான் காரணம் என்று அப்பா சொல்வதாக நான் எழுத வேண்டும், அப்பா கையெழுத்துப் போட வேண்டும். என் அப்பா சவுரிமுத்து ஜெயவேலுவின் பிக்கப் வண்டிக்கு டிரைவர். அந்தத் தாளில் கையெழுத்து விழுந்தால் பிறகு தாம்பரத்தில் எந்த முதலாளியும் அவர் கையில் சாவி தரமாட்டான்.

ஜெயவேலு யார் என்று சொல்லிவிடுகிறேன். நாற்பது வயது வரை அவர் பயிர் வைத்தார், மாட்டு வண்டி ஓட்டினார். அவர் வண்டி கிரீச்சென்று சத்தம் போடாது என்று ஊரில் பெயர். வேறு பெருமை எதுவும் அவருக்கு இருந்ததாக நான் கேள்விப்படவில்லை. பிறகு நிலம் மனையாயிற்று. ஆபீஸ் உத்தியோகஸ்தர்கள் தேடி வந்து வாங்கினார்கள். நிலம் இருந்த இடத்திலேயே இருந்தது, ஜெயவேலுவும் இருந்த இடத்திலேயே இருந்தார். ஆனாலும் இதெல்லாம் தன் மூளையால் நடந்தது என்று அவர் முடிவு செய்துகொண்டார். அன்றிலிருந்து உலகத்தில் அவருக்குத் தெரியாத விஷயம் இல்லை.

அந்தச் சமயத்தில்தான் பழைய பிக்கப் ஒன்றை வாங்கினார். படப்பையிலிருந்து காய்கறியும் வைக்கோலும் ஏற்றித் தாம்பரம் மார்க்கெட்டுக்குக் கொண்டுவரும் தொழில். அப்பாவுக்குப் பக்கத்தில் காலை மடக்கி, மாட்டு வண்டியின் முன்பக்கம் உட்கார்வதுபோல் உட்கார்வார். மேடு வந்தால் மாட்டை விரட்டுவதுபோல் “த்தா, த்தா” என்பார். வண்டி நின்றதும் இறங்கி பானெட்டைத் தட்டிக் கொடுப்பார். இரண்டு வருஷம் இதைப் பார்த்தும் அப்பா சிரிக்கவில்லை. நான் சிரித்தேன், அதற்குத் திட்டு வாங்கினேன்.

புரட்டாசியில் பின்பக்கம் ‘உய்ய்’ என்று ஒரு சத்தம் ஆரம்பித்தது. கிரவுன் ஆயில் மாற்ற வேண்டும் என்று அப்பா மூன்று முறை சொன்னார். பின் ஆக்சில் நடுவே குடம்போல் ஒரு கூடு இருக்கும், அதற்குள் பல்சக்கரங்கள் சுற்றும், அவை முழுகியிருக்கும் எண்ணெய் அது.

“மூடி வெச்ச பொட்டி அது, சவுரி. அதுல கீற எண்ணெ எங்க போவும்?” என்றார் ஜெயவேலு.

ஒரு திங்கட்கிழமை சத்தம் திடீரென்று நின்றுவிட்டது. அப்பா ஆச்சரியப்பட்டார். “சில வண்டிக்கு மொதலாளி கை படணும்” என்று ஜெயவேலு மீசையைத் தடவினார். எங்கேயோ கொடுத்து எண்ணெய் மாற்றியிருக்கிறார் என்று அப்பா நம்பினார். மூன்று வாரத்தில் சத்தம் திரும்பியது, இந்த முறை மாவு மில்போல. மார்க்கெட்டில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். ஜெயவேலுவுக்கு மானம் போயிற்று. யாராவது ஒருவனைக் குற்றவாளியாக்க வேண்டும், அருகில் இருந்தவர் அப்பா.

அதற்குத்தான் அந்தத் தாள். அப்பாவுக்கு எழுத வராததால் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். நான் ஏன் உடனே ‘இல்லை’ என்று சொல்லவில்லை? எனக்கே தெரியாததுதான் காரணம். மழையில் பள்ளம் விழுந்த படப்பை ரோட்டில் அப்பா பாரத்தோடு வண்டியை இழுத்து வந்திருக்கிறார். அதில் கெட்டிருக்குமோ என்று எனக்கும் சந்தேகம்.

சிட்டிபாபு ஸ்பானரை இடுப்பில் சொருகிக்கொண்டு வந்தான். “இன்னா மொதலாளி, சீக்காளிய பாக்காமலே சாவு சீட்டு எழுதறியே. ஓட்டிப் பாத்துட்டு எழுதலாம். பாப்பா, நீயும் ஏறு.”

முடிச்சூர் பக்கம் போனோம். முன்னால் அவனும் ஜெயவேலுவும், பின்தட்டில் நானும் அப்பாவும். தார் ரோட்டிலும் மண் பாதையிலும் சத்தம் ஒன்றுபோலவே இருந்தது. “அப்போ டயர் இல்ல” என்று சிட்டிபாபு கத்தினான். இடது வலது என்று வளைத்து ஓட்டினான், மாற்றம் இல்லை. “வீல் பேரிங்கும் இல்ல.” ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஊளை, காலை எடுத்தால் கரகரப்பு. என் முதுகெலும்பே அதை உணர்ந்தது. “கூட்டுக்குள்ளதான் கீது பேஜாரு” என்றான்.

ஒர்க்ஷாப்புக்குத் திரும்பியதும், எண்ணெய் சூடாக இருக்கும்போதே வண்டிக்கு அடியில் புகுந்தான். முதலில் எண்ணெய் ஊற்றும் மேல் மூடியைக் கழற்றினான். அது திறக்காவிட்டால் கீழே வடித்துவிட்டுப் புது எண்ணெயை எந்த வழியாக ஊற்றுவது? பிறகு கீழ் மூடியைத் திருகினான்.

எண்ணெய் ஒழுகவில்லை. கறுப்பாகக் கூழ் ஒன்று பொத்தென்று தட்டில் விழுந்தது. அதில் இரும்புத் தூள் மினுங்கியது. கிளம்பிய வாசனை எனக்கு நன்றாகத் தெரிந்தது. சின்ன வயதில் மூக்கைப் பிடித்து என் வாயில் ஊற்றிய விளக்கெண்ணெய்.

சிட்டிபாபு விரலில் தொட்டுப் பார்த்துவிட்டு உரக்கச் சொன்னான். “எவனோ வெளக்கெண்ணெயில வைக்கோல் கரிய கொழப்பி உள்ள தள்ளிகிறான். ரெண்டு மூணு வாரம் சத்தத்த அமுக்கும். அப்பால பல்சக்கரத்த தின்னுடும். அதுவும் கரிய ஒழுங்கா சலிக்கல பாரு, மட்டமான வேல.”

“யார்றா மட்டம்?” ஜெயவேலு பாய்ந்து வந்தார். “மூணு தலமொறையா எங்க வூட்டு வண்டிக்குப் போடற மசகுடா அது! வேட்டித் துணியில மூணு தபா சலிச்சேன். ஞாயித்துக்கெழம, இவன் கோயிலுக்குப் போனப்போ என் கையாலயே போட்டேன்!”

தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கு உறைக்கச் சற்று நேரம் பிடித்தது. மாட்டு வண்டி அச்சுக்குப் போடுவதை மோட்டார் வண்டிக்குப் போட்டதில்கூட அவருக்கு வெட்கம் இல்லை. சரியாகச் சலிக்கவில்லை என்று சொன்னதுதான் தாங்கவில்லை.

“அப்பவும் இவன் ஓட்டினதுலதான் கெட்டுது” என்றார் கடைசியில்.

“ஆமா மொதலாளி. மசகு ஒண்ணும் பண்ணல. நீ வண்டிய வித்துட்டு ரெண்டு மாட்ட வாங்கிக்கோ” என்றான் சிட்டிபாபு. கை துடைக்கத் துணி தேடினான். நான் அந்த முழுத்தாளைக் கொடுத்தேன்.

கூட்டைக் கழுவி, தொண்ணூறாம் நம்பர் கிரவுன் ஆயிலை மேல் ஓட்டையின் விளிம்பில் வழியும்வரை ஊற்றினான். சத்தம் குறைந்தது, போகவில்லை. பல்சக்கரம் ஏற்கெனவே தேய்ந்துவிட்டது. அப்பா சாவியை பானெட்டின்மேல் வைத்துவிட்டு, “வா, ஞானசௌந்தரி” என்றார். அன்று அவர் பேசியது அவ்வளவுதான்.

ஜெயவேலு பேசுவதை நிறுத்தவில்லை. பள்ளிக்கரணை வரை போய், சவுரிமுத்து ஆக்சிலை முறித்த கதையைச் சொல்கிறார். இரண்டு முதலாளிகள் அதைக் கேட்டு அப்பாவைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இருவரும் ஜெயவேலுவைப் போலவே பானெட்டைத் தட்டிக் கொடுக்கும் ஜாதி என்று நினைக்கிறேன்.

அன்று பதில் தெரியாத கேள்விக்கு இப்போது முழுத்தாளில் பதில் எழுதிவிட்டேன். இல்லை, என் அப்பா கெடுக்கவில்லை. இதைப் படிக்கிற நீங்கள் மார்க்கெட்டிலோ லாரி ஷெட்டிலோ டீக்கடையிலோ சவுரிமுத்து என்ற பெயரைக் கேட்டால், அந்த விளக்கெண்ணெய்க் கதையைச் சொல்லுங்கள். ஜெயவேலுவின் கதை ஊரெல்லாம் போகிறது. இதுவும் போகட்டும்.