இடக்கண் போதும் என்று கேட்டேன்

அடியார்களே, கண் ஆபரேஷன் என்றால் கண்ணையே வெளியே எடுத்து, கழுவித் துடைத்து, திரும்ப வைப்பார்கள் என்று நம்பியவன் நான். பிள்ளையார்பாளையத்தில் தறி நெய்கிறவன் வேறு எப்படி நினைப்பான்? தறியில் பழைய பாவு நூல் முடிந்தால் புதுப் பாவு நூலை இழை இழையாக அதனோடு பிணைக்கிறோம். கண்ணையும் நரம்பு நரம்பாக அப்படித்தான் பிணைப்பார்கள் என்று முடிவு கட்டினேன். பிணைத்த இழை அறுந்து நான் பார்த்ததில்லையா?

எழுபதுகளின் தொடக்கம். இரண்டு கண்ணிலும் புரை. அரக்குச் சிவப்பும் கறுப்பும் ஒன்றாகத் தெரிந்தன. சாயக்காரர் ஏமாற்றுகிறார் என்று தெருவெல்லாம் திட்டித் தீர்த்தேன். பிறகு நான் நெய்த முந்தானையிலேயே பூக்கள் கோணின. முதலாளி அடுத்த பாவு தரவில்லை. தறி சும்மா கிடந்தது. அப்போதுதான் கோளாறு சாயத்தில் இல்லை, என் கண்ணில் என்று புரிந்தது.

வாலாஜாபாத் பள்ளிக்கூடத்தில் தர்மத்துக்குக் கண் முகாம் போட்டார்கள். மனைவி கன்னியம்மா இழுத்துப் போனாள். பஸ்ஸில் புலம்பினேன்.

"எடுத்த கண்ண பக்கத்துல இருக்கறவனுக்கு மாத்தி வெச்சிட்டா இன்னாடி பண்றது?"

"வெக்கட்டுமே. அவன் கண்ணாவது எதிர்வூட்டயே பாத்துக்கினு இருக்காது. கம்முனு வாய்யா."

பஸ்ஸே சிரித்தது. நான் முன் சீட்டுக் கம்பியை விடவில்லை.

வரிசையில் நின்றபடி ஏகாம்பரநாதரிடம் பேரம் பேசினேன். "பார்வை இழந்து வந்த அடியாருக்கு உம்முடைய காஞ்சியில் இடக்கண்தானே கொடுத்தீர்? எனக்கும் அது போதும். வலதைப் பிறகு பேசிக்கொள்ளலாம்."

டாக்டரம்மா டார்ச் அடித்துப் பார்த்தார். "இடது கண்ண மொதல்ல பண்ணிடலாம்பா" என்றார்.

உடம்பு சிலிர்த்தது. சாமியே சொல்லிவிட்ட பிறகு ஓடவும் வழியில்லை.

கட்டுப் போட்டுப் படுக்க வைத்தார்கள். நரம்பு முடிச்சு அவிழ்ந்துவிடும் என்று தும்மலைக்கூட அடக்கினேன். சிவசிவா என்று உதடு மட்டும் அசைந்தது. அடுத்த பாயில் ஒருவர், என்னைப் போலவே பயந்து தள்ளிப்போட்டவர். இனிப் பார்வை வராது என்று டாக்டரம்மா அவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது. அந்தப் பயம் இன்றும் போகவில்லை.

கட்டை அவிழ்த்ததும் கன்னியம்மா முந்தானையை நீட்டினாள்.

"இது இன்னா கலரு?"

"அரக்கு."

அந்த முந்தானையிலேயே அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

இப்போது சோடாபுட்டிக் கண்ணாடியோடு நெய்கிறேன். முகாம் வந்தால் பயந்தவர்களை நானே கூட்டிப் போகிறேன். வழியெல்லாம் அவர்கள் புலம்பலைக் கேட்பது என் தண்டனை. நீங்களும் கும்பிடுங்கள். கும்பிட்ட கையோடு பஸ்ஸும் ஏறுங்கள்.

என் கண்ணை யாரும் வெளியே எடுக்கவில்லை. கருவிழி ஓரத்தில் சிறிதாகக் கீறி, வெளுத்துப்போன வில்லையை எடுத்துவிட்டு, கீறிய இடத்தைத் தைத்ததாகச் சொன்னார் டாக்டரம்மா. பட்டு நூலால்.